வீடு தேடப் புறப்படும் முன் முடித்துவைக்க வேண்டிய வேலைகள்

பிடித்துப்போன வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டு கணக்குப் போடுபவருக்குக் கணக்கு எப்போதும் சரியாகவே வரும். விலை சற்றுக் கூடுதல் என்றாலும் சமாளித்துவிடலாம் என்றும், அலுவலகம் தொலைவு என்றாலும் பழகிவிடும் என்றும், சுவரில் உள்ள ஓதம் ஒரு பூச்சில் மறைந்துவிடும் என்றும் மனம் தானாகவே சமாதானம் சொல்லிக்கொள்ளும். ஆகவே எவ்வளவு செலவிடலாம், எது இல்லாமல் முடியாது, எதைக் கண்டால் விலகிவிட வேண்டும் ஆகிய மூன்றையும் முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும். ஆயினும் இந்த ஆயத்தத்தின் வரிசை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: முதலில் பணம், பிறகு தேவை, பிறகு ஆட்கள், கடைசியில்தான் வீடு.

வாங்கும் காலம் வந்துவிட்டதா

வாங்கும்போதும் விற்கும்போதும் ஆகும் வரி, பதிவுக் கட்டணம், தரகு, கடன் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் அது சிறு தொகையாக இராது. சில ஆண்டுகளிலேயே ஊர் மாறவோ வேலை மாறவோ வாய்ப்பு இருப்பவர் இந்தச் செலவை ஈடுகட்டும் முன்பே வீட்டை விற்க நேரிடும். குறைந்தது ஐந்தாண்டாவது அங்கே இருப்போம் என்ற நம்பிக்கை இல்லாதவர் வாடகைக்கு இருப்பதில் குறை ஒன்றும் இல்லை.

பண அளவில் ஒப்பிட விரும்புவோர் வீட்டின் விலையை அதே போன்ற வீட்டின் ஓராண்டு வாடகையால் வகுத்துப் பார்க்கலாம். விடை 15க்குள் இருந்தால் வாங்குவதும், 20ஐத் தாண்டினால் வாடகைக்கு இருப்பதும் சாதகம் என்று கொள்ளும் வழக்கம் உண்டு. வட்டி வீதம் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ உள்ள காலத்தில் இந்த எல்லைகள் நகரும் என்பதால் இதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், யோசிப்பதற்கான தொடக்கமாகக் கொள்வதே நல்லது.

பணக்கணக்கு

கடன் கொடுப்பவர் எவ்வளவு தருவார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது பெரும்பாலோர் வழக்கம். அது தவறான தொடக்கம். உங்களிடமிருந்து எவ்வளவு வசூலிக்க முடியும் என்பதை மட்டுமே அவர் கணக்கிடுகிறார். உங்கள் வீட்டில் முதியவர்களின் மருத்துவச் செலவு என்ன, அடுத்த ஆண்டு பிள்ளைக்கு என்ன கட்டணம், இருவரில் ஒருவர் சில காலம் வேலையை விட நேருமா என்பதெல்லாம் அவர் கணக்கில் முழுமையாக வராது. மொத்த வருமானத்தில் 28 சதவீதத்துக்குள் வீட்டுக்கான தவணை, வரி, காப்பீடு ஆகிய செலவும், 36 சதவீதத்துக்குள் எல்லாக் கடன் தவணைகளும் அடங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் கடன் வழங்குவோர் நெடுங்காலம் கையாண்டுவரும் ஓர் அளவுகோல். அதைப் பின்பற்ற விரும்பினால், மொத்த வருமானத்துக்குப் பதிலாகப் பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் வருமானத்தில் அந்த விகிதங்களைப் போட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது.

கடனின் கால அளவு மொத்தச் செலவை எப்படி மாற்றுகிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் உறைக்கும். குறைந்துவரும் நிலுவைக்கு மாதந்தோறும் வட்டி கணக்கிடும் முறையில், ஆண்டுக்கு 8 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுக் கடன் பெறுபவர், வாங்கிய தொகையைப் போல ஏறத்தாழ 2 மடங்கைத் திருப்பிச் செலுத்துகிறார். அதே கடனை 30 ஆண்டுக்கு நீட்டினால் மாதத் தவணை சுமார் 12 சதவீதம்தான் குறையும். ஆனால் செலுத்தும் மொத்தம் 2.6 மடங்குக்கு மேல் போகும். மாறாக, 15 ஆண்டாகச் சுருக்கினால் தவணை சுமார் 14 சதவீதம் கூடும். மொத்தமோ சுமார் 1.7 மடங்காகக் குறையும். தவணை குறைவாக இருக்கிறதே என்று நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுப்பவர், மாதந்தோறும் மிச்சமாகும் அந்தச் சிறு தொகைக்காக எவ்வளவு வட்டியைக் கூடுதலாகச் சுமக்கிறார் என்பதைக் கையெழுத்திடும் முன் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மேற்சொன்ன 20 ஆண்டுக் கடனில் முதல் மாதத் தவணையில் ஏறத்தாழ 80 சதவீதம் வட்டிக்கே போய்விடுகிறது. பத்தாண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் சுமார் 69 சதவீதம் நிலுவையில் இருக்கும். பாதிக் காலம் முடிந்தால் பாதிக் கடன் முடிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு இடையில் வீட்டை விற்கத் திட்டமிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆகவே அசலை முன்கூட்டியே செலுத்தினால் தண்டக் கட்டணம் உண்டா என்று கடன் வாங்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும். தொடக்க ஆண்டுகளில் செலுத்தும் கூடுதல் தொகை நேராக அசலில் கழிவதால், பின்னால் செலுத்துவதைவிட அது அதிக வட்டியை மிச்சப்படுத்தும்.

வட்டி நிலையானதா மாறுவதா என்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. 8 சதவீதம் 9 ஆக உயர்ந்தால், 20 ஆண்டுக் கடனின் தவணை ஏழரை சதவீதத்துக்குச் சற்று மேல் உயரும். மாறும் வட்டியைத் தேர்ந்தெடுப்பவர் இன்றைய தவணையைத் தாங்க முடியுமா என்று பார்ப்பதோடு நில்லாமல், வட்டி இரண்டு சதவீதப் புள்ளிகள் உயர்ந்தாலும் தாங்க முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். சில இடங்களில் வட்டி உயரும்போது தவணையைக் கூட்டாமல் கடன் காலத்தை நீட்டிவிடுவார்கள். அது உடனே வலிக்காது என்பதாலேயே கூடுதல் கவனம் தேவை.

இந்தக் கணக்கையெல்லாம் தாளில் போட்டுப் பார்ப்பதைவிட வாழ்ந்து பார்ப்பது மேல். வரப்போகும் தவணையோடு பராமரிப்புச் செலவையும் வரியையும் கூட்டிக்கொண்டு, அதில் இன்றைய வாடகையைக் கழித்தால் வரும் தொகையை, ஆறு மாதம் தவறாமல் ஒரு தனிக் கணக்கில் செலுத்தி வாருங்கள். நான்காம் மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க நேர்ந்தால், உங்கள் எல்லை எதுவென்று எந்தக் கடன் அதிகாரியும் சொல்ல முடியாத துல்லியத்தோடு தெரிந்துவிடும். எடுக்க நேரவில்லை என்றால் முன்பணத்துக்கு, அதாவது விலையில் கடன் போக நீங்களே கட்ட வேண்டிய பங்குக்கு, ஒரு தொகை சேர்ந்திருக்கும். வாங்கும் எண்ணம் உள்ள எவருக்கும் நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான், பின்பற்றுவோர் சிலரே.

கையில் உள்ள சேமிப்பு முழுவதையும் முன்பணம் என்று எண்ணிவிடக் கூடாது. அதிலிருந்து வரி, பதிவு, வழக்கறிஞர், கட்டட ஆய்வு, கடன் கட்டணம், காப்பீடு, குடிபெயர்தல் ஆகியவற்றுக்கும், குடிபுகுந்தவுடன் செய்தே ஆகவேண்டிய பழுதுகளுக்கும் ஒதுக்க வேண்டும். அதன் பிறகும் மூன்று முதல் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் தொடாமல் இருக்க வேண்டும். மிஞ்சுவதுதான் உண்மையான முன்பணம். ஆண்டுதோறும் வீட்டின் மதிப்பில் ஒரு சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று ஒதுக்குவது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பழைய வீடாயின் அது போதாமல் போகலாம்.

கடன் வரலாற்று அறிக்கை கிடைக்கும் நாடுகளில், தேடல் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே அதைப் பெற்று, பிழைகள் இருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள்; திருத்தம் நடக்கக் காலம் பிடிக்கும். பிறகு கடன் தருபவரிடம், எவ்வளவு கடன் தரத் தயார் என்பதற்கான முன் ஒப்புதல் பெறுங்கள். முன் ஒப்புதல் கிடைத்த நாள் முதல் வீடு கைக்கு வரும் நாள் வரை புதிய வாகனக் கடன், தவணைக் கொள்முதல், பிறருக்குப் பிணை நிற்றல் எதுவும் வேண்டாம். கடைசி நேரத்தில் கடன் தருபவர் உங்கள் நிலையை மறுபடி சரிபார்க்கலாம்.

தேவையை எழுதுதல்

வீட்டில் குடியிருக்கப்போகும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தாளில், இது இல்லாவிட்டால் வேண்டாம் என்பவற்றை ஒருபுறமும் இருந்தால் நல்லது என்பவற்றை மறுபுறமும் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் முதலில் பேசுபவரின் விருப்பமே எல்லோருடைய தேவையாகவும் பதிவாகிவிடும். முதற்பட்டியலில் ஐந்தாறுக்கு மேல் இருந்தால், அவற்றுள் சில உண்மையில் இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தவை.

பட்டியலைச் சுருக்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வது உதவும். சமையலறை மேடை, தரை ஓடு, வண்ணம், குளியலறைச் சாதனங்கள் ஆகியவற்றைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். மனையின் அமைவு, வெளிச்சம் வரும் திசை, அண்டை வீட்டுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி, சாலை, தாழ்வான நிலம், பணியிடத்துக்கு உள்ள தொலைவு ஆகியவற்றை எவ்வளவு செலவிட்டாலும் மாற்ற முடியாது. ஆனால் பார்க்கப் போகும் நாளில் கண்ணை இழுப்பவை முதல் வகையைச் சேர்ந்தவையே; விற்பவரும் அவற்றுக்குத்தான் செலவு செய்து வைத்திருப்பார்.

தொலைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் திரட்டிய தரவுகளை ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்ட அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே என்னும் பொருளியலாளர்கள், வேலைக்கு நெடுநேரம் பயணிப்பவர்கள் தங்கள் வாழ்க்கையில் குறைவான நிறைவையே தெரிவிப்பதாகக் கண்டனர். குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அந்தப் பயணச் சுமையை முழுதாக ஈடுசெய்வதில்லை என்பது அதன் பொருள். ஒரு கூடுதல் அறைக்காக நாளும் ஒரு மணி நேரத்தைக் கொடுக்கத் துணிபவர், அந்த அறை எத்தனை நாள் பயன்படும், அந்தப் பயணம் எத்தனை நாள் நேரும் என்பதை அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.

கேட்கும் விலையின் பிடி

விற்பவர் சொல்லும் விலை வெறும் விருப்பம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஒருமுறை காதில் விழுந்த எண் நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. கிரகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்னும் ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் டூசான் நகரத்தில் உண்மையான வீடுகளை மாணவர்களுக்கும் தொழில்முறைத் தரகர்களுக்கும் காட்டி, வெவ்வேறு குழுவினருக்கு வெவ்வேறு விற்பனை விலையைக் குறிப்பிட்டு, வீட்டின் மதிப்பைக் கேட்டார்கள். அனுபவம் மிக்க தரகர்களின் மதிப்பீடும் சொல்லப்பட்ட விலைக்கு ஏற்பவே ஏறி இறங்கியது. ஆனால் அந்த விலையைக் கணக்கில் கொண்டதாகச் சொன்ன தரகர்கள் சிலரே.

தொழில் தெரிந்தவர்களுக்கே இப்படியென்றால், முதன்முறையாக வாங்குபவர் தற்காத்துக்கொள்ள ஒரே வழி, வேறு எண்களை முன்பே கையில் வைத்திருப்பதுதான். அந்தப் பகுதியில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைத் திரட்டுங்கள். கேட்ட விலையை விட்டுவிட்டு, உண்மையில் கைமாறிய விலையைப் பதிவேடுகள் வழியாகவோ அங்கே குடியிருப்போர் வழியாகவோ அறிய முயலுங்கள். அதைச் சதுர அடி அல்லது சதுர மீட்டர்க் கணக்காக்கி வைத்தால் ஒப்பிட எளிது. அப்போதும், எந்தப் பரப்பைச் சொல்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். சுவர்களுக்கு உட்பட்ட பரப்பும், சுவர்களின் கனத்தைச் சேர்த்த பரப்பும், படிக்கட்டு, நடைபாதை போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பும் வெவ்வேறானவை. அடுக்குமாடியில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு ஓர் அறை அளவுக்குக்கூட இருக்கலாம்.

யாருக்காக யார் வேலை செய்கிறார்

தரகர், வழக்கறிஞர், கட்டட ஆய்வாளர் மூவரையும் அவசரம் வருவதற்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவருக்குக் கூலி தருபவர் யார் என்பது. விற்பனை முடிந்தால்தான் தரகு, விலை உயர்ந்தால் தரகும் உயரும் என்ற ஏற்பாட்டில், அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் உங்கள் நலனும் அவர் நலனும் ஒரே திசையில் செல்லா. ஆகவே உங்கள் உச்ச வரம்பை அவரிடம் சொல்லாமல், அதற்குச் சற்றுக் கீழான ஓர் எண்ணைச் சொல்வது நல்லது. வழக்கறிஞரும் ஆய்வாளரும் விற்பவரோ தரகரோ கைகாட்டியவர்களாக இராமல் நீங்களே தேர்ந்தவர்களாக இருக்கட்டும்.

நேரில் பார்த்தல்

ஒரே நாளில் மூன்று வீடுகளுக்கு மேல் பார்த்தால், எந்தச் சன்னல் எந்த வீட்டினது என்பது மாலைக்குள் குழம்பிவிடும். எல்லா வீட்டுக்கும் ஒரே கேள்வித்தாளைப் பயன்படுத்தி, வாசலை விட்டு வெளியே வந்தவுடன் நிரப்புங்கள். பிடித்த வீட்டை வேலைநாள் காலையில் ஒருமுறையும், இரவில் ஒருமுறையும், முடிந்தால் நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறையும் பாருங்கள். ஒழுகும் இடமும் நீர் தேங்கும் இடமும் மழையில்தான் தெரியும்.

சுவர்ப் பூச்சில் காணும் மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வந்தவை. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகவோ படிப்படியாகவோ ஏறும் விரிசலும், 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசலும் அடித்தளம் இறங்கியதைக் காட்டக்கூடும் என்பதால், பொறியாளர் பார்க்காமல் மேலே போகக் கூடாது. தூணிலோ கூரைத் தளத்தின் அடியிலோ துருக்கறையும் உதிர்ந்த கான்கிரீட்டும் தென்பட்டால் உள்ளே கம்பி அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. மேற்பூச்சு பூசி மறைத்தாலும் உள்ளே அரிப்பு தொடரும். சுவரின் அடிப்பகுதியில் வெண்மையாகப் பூக்கும் உப்பு, நிலத்திலிருந்து ஈரம் ஏறுவதற்கான அடையாளம். வீடு முழுதும் பழைய வண்ணமாக இருக்க, ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் காரணம் கேளுங்கள்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து நீர் எப்படி வருகிறது என்றும், கழிவுநீர் தயங்காமல் வடிகிறதா என்றும் பாருங்கள். மின்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கதவுகளும் சன்னல்களும் இழுபடாமல் மூடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மிகப் பழைய கட்டடமாயின் ஈய வண்ணமும் கல்நார்த் தகடும் பயன்பட்டிருக்கக்கூடும். இடிக்கும்போதும் சுரண்டும்போதும் அவற்றின் ஆபத்து மிகும் என்பதால், மாற்றியமைக்கும் எண்ணம் உள்ளவர் ஆய்வாளரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அண்டை வீட்டாரிடம் ஐந்து நிமிடம் பேசினால் தண்ணீர், திருட்டு, இரைச்சல், எல்லைத் தகராறு பற்றி விளம்பரத்தில் வராத பல செய்திகள் கிடைக்கும்.

ஆவணங்கள்

நிலவுரிமையைப் பதியும் முறைகள் உலகில் பொதுவாக இரண்டு வகைப்படும். ஒன்றில், கைமாறிய பத்திரங்கள் மட்டுமே பதிவாகின்றன. அவை பதிவாகிவிட்டதாலேயே விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. ஆகவே வாங்குபவர் முந்தைய உரிமையாளர்களின் தொடரைப் பின்னோக்கிச் சென்று, எங்கும் கண்ணி அறுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றொன்றில் உரிமையே பதிவாகிறது. பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்பதற்கு அரசு பொறுப்பேற்கிறது. ராபர்ட் டோரன்ஸ் முன்மொழிய, 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் சட்டமான இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. நீங்கள் வாங்கும் இடத்தில் எந்த முறை என்பதை அறிந்தால்தான், வழக்கறிஞர் எவ்வளவு ஆழமாகத் தேட வேண்டும் என்பது புரியும்.

எந்த முறையிலும் சில கேள்விகள் மாறா. விற்பவர் ஒருவரா பலரா, வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடுகிறார்களா, அடமானமோ வழக்கோ உண்டா, வரியும் சங்கக் கட்டணமும் பாக்கியின்றிச் செலுத்தப்பட்டுள்ளனவா, கட்டியிருப்பது அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியா, வீட்டில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா, சாலைக்குச் செல்லும் வழி சட்டப்படி நமக்கு உரியதா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மனையை அளந்து, ஆவணத்தில் உள்ள அளவோடு பொருத்திப் பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது.

முன்தொகை கொடுக்கும் முன்

இன்னொருவர் நாளை பணத்தோடு வருகிறார் என்ற செய்தி உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்; இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. கடன் கிடைக்காவிட்டாலோ, கட்டட ஆய்வில் பெரிய குறை தெரிந்தாலோ, உரிமையில் வில்லங்கம் இருந்தாலோ முன்தொகை திரும்பக் கிடைக்கும் என்றும், எத்தனை நாளுக்குள் எவையெல்லாம் முடிய வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்தான பிறகே பணம் கொடுங்கள். கடன் தருபவரின் மதிப்பீட்டாளர் நீங்கள் ஒப்புக்கொண்ட விலைக்குக் குறைவாக மதிப்பிட்டால், குறையும் தொகையைப் பெரும்பாலும் கைப்பணத்திலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். அதற்கு இடமில்லாதவர் அதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். எந்தெந்தப் பொருள்கள் வீட்டோடு வருகின்றன என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். தண்ணீர் மோட்டார், விளக்குகள், சுவர் அலமாரிகள் போன்றவற்றை விற்பவர் கழற்றிக்கொண்டு போவது அரிய செய்தியன்று.

கட்டி முடியாத வீடாயின் பணத்தைக் கட்டுமானத்தின் படிநிலைகளோடு இணைத்துக் கொடுப்பதும், தாமதத்துக்கு ஈடு என்ன என்பதை ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் தேவை. இவற்றுக்கு இணங்காத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

பதிவுக்கு முந்தைய நாள் வீட்டை மறுபடி ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். ஒப்புக்கொண்ட பழுதுகள் சரிசெய்யப்பட்டுள்ளனவா, குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்களா, எழுதிய பொருள்கள் அந்தந்த இடத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, மின்சார, தண்ணீர் மீட்டர் அளவுகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். குறை ஏதும் இருந்தால், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன்பே அதை எழுத்தில் தெரிவித்துத் தீர்வு பெறுங்கள்.